புலி முத்திரைக் காலணியும் அயல்நாட்டுச் சந்தையும்

"நம் சரக்குக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டென்கிறீர்கள், அதன் லாபம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது?" என்று ஒரு சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் வினவினார். அக்கேள்விக்கு ஜப்பானியக் காலணி ஒன்றின் வரலாறே தக்க விடையாகும் எனக் கருதுகிறேன்.

கோபே நகரில் 1949-ஆம் ஆண்டில் கிஹாசிரோ ஒனிட்சுகா என்பவர் விளையாட்டுக் காலணித் தொழிலைத் தொடங்கினார். போரினால் நலிவுற்ற இளைஞருக்கு விளையாட்டு புத்துயிர் அளிக்கும் என்பது அவர் கொள்கை. கூடைப்பந்து ஆடுவோர் வழுக்காதிருக்க வழி தேடிய அவர், உணவிலிருந்த ஆக்டோபஸ் துண்டின் உறிஞ்சுகுழிகளைக் கண்டு, அதே அமைப்பைக் காலணியின் அடிப்பாகத்தில் ரப்பரால் வார்த்தார். அவருடைய முத்திரை புலி.

1962-இல் அமெரிக்க இளைஞர் பில் நைட் அங்கு வந்து விற்பனை உரிமை கேட்டார். அப்போது அவருக்குக் கம்பெனியே கிடையாது. பெயரை மட்டும் அங்கேயே சொல்லி வைத்தார்! 1964-இல் பயிற்சியாளர் பில் பவர்மனும் அவரும் தலைக்கு 500 டாலர் முதலிட்டு, 300 ஜோடிகள் தருவித்து, மோட்டார் வண்டியில் வைத்து ஓட்டப் பந்தய மைதானங்களில் விற்றனர். வியாபாரம் பெருகிற்று. ஆனால் வாங்குவோரை அறிந்தவர் முகவரேயன்றி உற்பத்தியாளரல்லர். 1971-இல் பிணக்கு முற்றியது. முகவர் 'நைக்கி' என்ற சொந்த முத்திரையைத் தொடங்கினார். குற்றம் யாருடையதென்பதில் இரு தரப்பும் ஒன்றையொன்று சாடின. 1974-இல் நீதிமன்றம், அந்தக் காலணியை இருவரும் விற்கலாம், 'கோர்ட்டெஸ்' என்ற பெயர் மட்டும் அமெரிக்கருக்கே என்று தீர்ப்பளித்தது. ஜப்பானியர் அதே காலணிக்குக் 'கோர்செயர்' என வேறு பெயர் சூட்ட நேர்ந்தது.

1977-இல் வேறிரு கம்பெனிகளோடு இணைந்து 'அசிக்ஸ்' உருவாயிற்று. புலியின் பெயர் 2002-இல் மீண்டும் உயிர்பெற்றது. இம்முறை ஓட்டக்காரர்களுக்காக அன்று. அவர்களுக்கு அசிக்ஸ் உண்டு. 1966-ஆம் ஆண்டின் 'மெக்சிகோ 66' போன்ற பழைய மாதிரிகளை விரும்பும் நாகரிகப் பிரியர்களுக்காக. 2003-இல் வெளிவந்த 'கில் பில்' திரைப்படத்தில் நாயகி அணிந்த மஞ்சள் காலணி அதற்குப் பெரும் விளம்பரமாயிற்று. 2008 முதல் ஜப்பானியக் கைவினைஞர் செய்யும் தனி வரிசை ஒன்றும் விற்பனைக்கு வந்தது. 2024-இல் பாரிஸின் புகழ்பெற்ற ஷான்ஸ் எலிசே வீதியில் தன் பெயரிலேயே கடை திறந்திருக்கிறது. முகவரிடம் விட்டிருந்த சந்தையைச் சொந்தக் கடையின் மூலம் பிடிக்கும் முறை இது. செலவு மிக்கது, எல்லோராலும் ஆகாதது.

நம் சங்கங்கள் பாரிஸில் கடை திறக்க வேண்டியதில்லை. பெயரைக் காத்துக்கொள்வதோ நம்மாலும் ஆகும். இந்தியாவில் பெற்ற வணிகமுத்திரைப் பதிவு பிற நாடுகளில் செல்லாது. காஞ்சிபுரம் பட்டுக்குள்ள புவிசார் குறியீடும் அவ்வாறே நம் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும். 2013-இல் இந்தியா மாட்ரிட் உடன்படிக்கையில் சேர்ந்தபின், இங்கு முத்திரைக்கு விண்ணப்பித்தோர், நம் பதிவகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். நாடுதோறும் கட்டணம் உண்டு. ஆகவே சரக்கு உண்மையில் செல்லும் நாடுகளை மட்டும் குறித்தல் நலம்; ஏற்றுமதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதைச் செய்தல் அதனினும் நலம்.