திறன்பேசியின் கோளாறுகளும் காரணம் காணும் முறையும்

களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் திறன்பேசி இன்று இன்றியமையாத பணிக்கருவியாகிவிட்டது. அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் 2021-ஆம் ஆண்டு முதல் போஷண் டிராக்கர் என்னும் செயலியில் பதிந்து வருகின்றனர். 2017-இல் தொடங்கப்பெற்ற தீக்ஷா தளத்தின் வாயிலாக ஆசிரியர்கள் பாடப்பொருள்களைப் பெறுகின்றனர். ஆகவே, கருவி மந்தமானால் பணியும் மந்தமாகிறது. தொடர்பு அற்றால் பணி நின்றே போகிறது.

இத்தகைய வேளையில் பலர் செய்வது யாது? அருகிலிருப்போர் கூறும் யோசனைகள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்க்கின்றனர். இறுதியில் கருவியிலுள்ள அனைத்தையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்துவிடுகின்றனர். கோளாறு நீங்கலாம், ஆனால் எதனால் நீங்கியது என்பது விளங்குவதில்லை. வீடு வீடாகச் சென்று சேகரித்து, இன்னும் அனுப்பப்படாதிருந்த விவரங்களும் கோளாறுடன் சேர்ந்தே மறைந்துவிடக்கூடும். கருவிக்கு விலை உண்டு. இழந்த பதிவுக்கு ஈடில்லை.

முதற் கடமை

தொடர்பு இல்லாத இடங்களில் பல செயலிகள் பதிவுகளைக் கருவியிலேயே தேக்கி வைத்து, தொடர்பு கிடைத்தபின் அனுப்புகின்றன. எனவே, எதையும் மாற்றுவதற்கு முன் அனுப்பப்படாத பதிவுகள் உளவா என்று பார்த்தல் வேண்டும். இருப்பின், தொடர்பு நன்றாயுள்ள இடத்திற்குச் சென்று முதலில் அவற்றை அனுப்பிவிட வேண்டும்.

அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு செயலிக்கும் இருவகை அழித்தல்கள் உண்டு. தற்காலிகச் சேமிப்பை அழித்தல் தீங்கற்றது. செயலியின் தரவு முழுவதையும் அழித்தலோ அனுப்பப்படாத பதிவுகளையும் போக்கிவிடும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது விரலை வைத்தலாகாது.

மந்தமாவதற்குரிய காரணங்கள்

முதற் காரணம் இடநெருக்கடி. திறன்பேசியின் சேமிப்பகம் புதியவற்றை எழுதுவதற்கு வெற்றிடத்தை நாடுகிறது. அது நிரம்பும் தறுவாயில், பழையவற்றை ஒதுக்கி இடம் செய்துகொண்ட பின்னரே எழுத வேண்டியிருப்பதால் வேகம் குன்றுகிறது. மொத்த அளவில் பத்தில் ஒரு பங்கேனும் காலியாக இருத்தல் நன்று. குழுக்களில் வந்து குவியும் படங்களையும் காணொளிகளையும் வாரந்தோறும் நீக்கினாலே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது காரணம் உஷ்ணம். கருவி சூடேறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அதன் செயலி-வில்லை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேனிற்காலத்தில் வெயிலில் நிற்கும் வண்டியின் மீது வைக்கப்பட்ட கருவி மந்தமாவது பழுதன்று, தற்காப்பே. உறையைக் கழற்றி நிழலில் வைத்தால் தானே சீர்படும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் கூடாது. உள்ளே நீர்த்துளி படியும். மின்கலம் உப்பியிருப்பின், உடனே உபயோகத்தை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, புதிதாகச் சேர்த்த செயலி. ஆண்ட்ராய்டு கருவியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கினால், நாம் சேர்த்த செயலிகள் இயங்கா. அப்போது வேகம் மீளுமாயின், குற்றம் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றினிடம் உள்ளது எனக் கொள்ளலாம். கடைசியாகச் சேர்த்ததிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம்.

வைஃபை தொடர்பு

இணைப்பு கிடைக்காதபோது மற்றொரு திறன்பேசியை அருகில் வைத்துச் சோதிப்பதே சிறந்த வழி. இரண்டும் தவறினால் குறை ரூட்டரிலோ அதற்கு வரும் கம்பியிலோ உள்ளது. ரூட்டரை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து இயக்கிப் பார்க்கலாம். ஒன்று மட்டும் தவறினால் குறை அக்கருவியினுடையது; சேமித்த இணைப்பை நீக்கிவிட்டுக் கடவுச்சொல்லை மீண்டும் இட்டால் பெரும்பாலும் சரியாகும்.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். பின்னதன் அலைநீளம் அதிற் பாதிக்கும் குறைவு. சுவர்களைக் கடந்து செல்வதில் முன்னது மேம்பட்டது. வேகத்தில் பின்னது மேம்பட்டது. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையிலேயே புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் இயங்குவதால் அங்கு இடையூறு மிகுதி. இரும்பு அலமாரியும் நீர்த்தொட்டியும் இருவகை அலைகளையும் தடுக்கின்றன. ரூட்டரை அலமாரிக்குப் பின் மறைத்து வைக்காது, உயரமான திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

செல்பேசித் தொடர்பு

திரையிற் காணும் கோடுகள் தோராயமானவை. கருவிக்குக் கருவி அவற்றின் அளவு வேறுபடும். பல கருவிகளில், அமைப்புப் பக்கத்தில் அலையின் வலிமை டெசிபல் கணக்கில் எண்ணாகவே காட்டப்படுகிறது. 4ஜி அலைக்கு -85 என்பது நல்ல நிலை. -110-க்குக் கீழ் நலிந்த நிலை. 10 டெசிபல் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகும். ஆகவே, -90-இலிருந்து -110-க்கு இறங்குவது நூறில் ஒரு பங்காவதாகும். நலிந்த இடத்தில் கருவி தன் ஒலிபரப்பு ஆற்றலை உயர்த்துகிறது; மின்கலம் விரைவில் தீர்வது இதனாலேயே.

வலிமை குறைவாயின் ஜன்னலருகேயோ மேட்டிலோ நின்று பார்க்க வேண்டும். பயணத்திற்குப் பின் தொடர்பு மீளாவிடில், விமான முறையை இட்டு எடுத்தால் கருவி கோபுரத்துடன் புதிதாகப் பதிந்துகொள்ளும். வலிமை நன்றாயிருந்தும் மாலையில் மட்டும் வேகம் குன்றினால், கோபுரத்தில் நெரிசல் என்று கொள்ளலாம். பதிவுகளை அதிகாலையில் அனுப்புதல் நலம். அன்றைய தரவு அளவு தீர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. அதன் எல்லையோரத்தில் கருவி இருவகை வலைகளுக்கிடையே மாறி மாறித் தடுமாறுமாயின், 4ஜி-யை மட்டும் தேர்ந்துகொள்ளலாம்.

பலரும் நினையாத காரணம் ஒன்றுண்டு. கருவியின் தேதி தவறாயிருப்பின், பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ் செல்லாததெனக் கருதப்பட்டு இணைப்பு மறுக்கப்படும். தேதியும் நேரமும் வலையிலிருந்து தானாகப் பெறும்படி அமைத்தல் நன்று.

வகுப்பறையில் ஒரு சோதனை

வாசற்படி, வகுப்பறை நடு, இரும்பு அலமாரியின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் டெசிபல் எண்ணை மாணவர்களைக் கொண்டு குறிக்கச் செய்யலாம். ஒவ்வோரிடத்திலும் மும்முறை அளந்து சராசரி காணச் செய்தல் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத அலை, பொருள்களால் தடைப்படுவதை அவர்கள் எண்களில் காண்பர்.

முறை இதுவே: பதிவுகளைக் காத்தல், குறை கருவியிலா, இடையிலுள்ள அலையிலா, அப்பாலுள்ள வலையிலா என்று பிரித்தறிதல், ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல், பயன் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுதல். அவ்வாறு எழுதிய ஒரு பக்கம், அதே கோளாறு அடுத்த ஊரில் நேரும்போது மற்றொரு பணியாளரின் ஒரு நாள் உழைப்பைக் காக்கும்.