கோழிப் பண்ணையில் எதற்கு அஞ்ச வேண்டும்?

கறிக்கோழியைக் குறித்து நம் ஜனங்களிடையே ஒரு வதந்தி நெடுநாளாய் உலவி வருகிறது. நாற்பது நாளில் ஒரு குஞ்சு இரண்டு கிலோ எடைக்கு வளருமாயின், பண்ணைக்காரர்கள் அதற்கு ஏதோ ஹார்மோன் ஊசி குத்துகிறார்கள் என்பதே அவ்வதந்தி. பாமரர்கள் மட்டும் இதை நம்பவில்லை. படித்தவர்களே முன்னின்று பரப்புகிறார்கள். இதில் உண்மை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறோம். பல்லாயிரம் கோழிகள் அடைந்திருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்து மீண்டும் மீண்டும் ஊசி போடுவதற்கு ஆகும் கூலியையும் மருந்து விலையையும் கணக்கிட்டுப் பார்த்தால், கோழி விற்ற பணம் முழுவதும் அதற்கே போதாது. ஆனால் வதந்தி பொய் என்பதனால் அச்சத்திற்கு இடமே இல்லை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. அஞ்ச வேண்டிய இடம் வேறு. அதைப் பற்றித்தான் டீக்கடையில் ஒருவரும் பேசுவதில்லை.

கோழி இவ்வளவு விரைவாக வளருவதன் ரகசியத்தைக் கனடா தேசத்து அல்பெர்ட்டா சர்வகலாசாலையார் ஓர் ஆராய்ச்சியின் மூலம் விளக்கியிருக்கிறார்கள். 1957-ஆம் வருஷத்திய கோழி வம்சம் ஒன்றையும் 1978-ஆம் வருஷத்திய வம்சம் ஒன்றையும் அவர்கள் எவ்வித மாறுதலுமின்றி அப்படியே காப்பாற்றி வந்திருந்தனர். அவற்றின் குஞ்சுகளையும் 2005-ஆம் வருஷத்திய வியாபாரக் கோழியின் குஞ்சுகளையும் ஒரே விதமான தீனி கொடுத்து வளர்த்தனர். 56-ஆம் நாள் நிறுத்துப் பார்த்தபோது, 1957-ஆம் வருஷத்துக் கோழி 905 கிராம் இருந்தது. 1978-ஆம் வருஷத்துக் கோழி 1,808 கிராம். 2005-ஆம் வருஷத்துக் கோழியோ 4,202 கிராம்! தீனி ஒன்றே, நாட்களும் ஒன்றே. வித்தியாசம் பிறப்பில் இருந்தது. 2014-இல் வெளியான இந்த ஆராய்ச்சிக்குப் பிறகும் ஊசிக் கதையை நம்புகிறவர்களுக்கு வேறென்ன அத்தாட்சி காட்டுவது?

பிறப்பை மாற்றியது பொறுக்கு வித்து முறையேயாகும். நம் குடியானவன் அடுத்த விதைப்புக்கு நல்ல கதிரைத் தனியே எடுத்து வைக்கிறானல்லவா? அதையே கணக்கும் தராசும் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். அமெரிக்காவில் 1948-இல் 'நாளைய கோழி' என்ற பெயரில் ஒரு பெரிய போட்டி நடைபெற்றது. மளிகைக் கடைகள் பல வைத்து நடத்திய ஒரு பெருங் கம்பெனி அதற்குப் பணம் கொடுத்தது. மார்புச் சதை மிகுந்து, விரைவில் வளர்ந்து, கொஞ்சமாகத் தின்னும் கோழியை உண்டாக்குபவருக்குப் பரிசு. கலிபோர்னியாவைச் சேர்ந்த வான்ட்ரெஸ் என்பவர் வெற்றி பெற்றார். அவர் கலந்த இரு வம்சங்களில் ஒன்று கார்னிஷ் ஜாதி.

இந்தக் கார்னிஷ் ஜாதி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் கார்ன்வால் பிரதேசத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசீல் சண்டைச் சேவலின் ரத்தத்தைக் கலந்து உண்டாக்கப்பட்டது அது. அக்காலத்தில் அதற்கு 'இந்தியன் கேம்' என்றே பெயர். இன்னொன்றும் சொல்லவேண்டும். உலகெங்கும் வளர்க்கப்படும் கோழிகள் பலவற்றின் மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததென்று ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் நிரூபித்தார்கள். நம் காட்டுக் கோழியும் நம் களத்துச் சேவலும் கப்பலேறிப் போயின. அவற்றின் சந்ததி இன்று கம்பெனிச் சரக்காகத் திரும்பி வருகிறது. உலகத்துக் கறிக்கோழி வம்சங்களில் பெரும் பகுதி இரண்டு மூன்று ஸ்தாபனங்களின் கைக்குள் இருக்கிறது. பண்ணைக்கு வரும் குஞ்சு கலப்புக் குஞ்சாதலால், அதை வளர்த்து இனம் பெருக்கினால் தாயின் குணம் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குக் கம்பெனியின் வாசலையே நாட வேண்டும். சொந்த விதையை இழந்த விவசாயியின் நிலைதான் இது.

விரைவான வளர்ச்சிக்குக் கோழியும் விலை கொடுக்கிறது. உடல் பெருத்த வேகத்துக்குக் காலும் இருதயமும் ஈடு கொடுப்பதில்லை. குஞ்சு பொரிக்க வைத்திருக்கும் தாய்க்கோழிக்கு வயிறாரத் தீனி போட்டால் அது அளவுக்கு மீறிப் பருத்து முட்டையிடும் சக்தியை இழந்துவிடும். எனவே அதை அரைவயிற்றோடு வைத்திருக்கிறார்கள். தின்று கொழுப்பதற்கென்றே படைக்கப்பட்ட வம்சத்தின் தாய் பசித்திருக்க வேண்டியதாயிற்று!

இனி அஞ்ச வேண்டிய விஷயத்துக்கு வருவோம். 1948-ஆம் வருஷ வாக்கில் அமெரிக்க மருந்துக் கம்பெனியொன்றின் சோதனைச் சாலையில் ஜூக்ஸ் என்பவரும் ஸ்டோக்ஸ்டாட் என்பவரும் ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளின் தீனியில் கலந்து பார்த்தார்கள். குஞ்சுகள் மற்றவற்றைவிட விரைவாக வளர்ந்தன. அன்று முதல் நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து, நோயற்ற பிராணியின் தீனியாயிற்று. மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாக நாள்தோறும் கொடுத்தால் சாகாமல் எஞ்சும் கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காதவையாய்ப் பெருகும். பிறகு அவை மனிதனைப் பற்றும்போது வைத்தியரின் கை வெறுங்கையாகிவிடும். ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக இம்மருந்துகளைக் கொடுப்பதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-இல் தடை செய்தது. நம் நாட்டில் டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையத்தார் 2014-இல் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 40-இல் மருந்தின் எச்சம் இருக்கக் கண்டனர். வேறெந்த மருந்தும் பலிக்காதபோது ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையாளும் கோலிஸ்டின் என்னும் மருந்தும் கோழித் தீனியில் சேர்ந்து வந்தது. அதற்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மரபணுவைச் சீனாவில் 2015-இல் கண்டுபிடித்தார்கள். இந்திய சர்க்கார் 2019-இல் அம்மருந்தைப் பிராணிகளுக்குக் கொடுப்பதைத் தடுத்தது. தடை போட்டது சரியே. கிராமத்துத் தீவனக் கடையின் அலமாரி வரை அதை அமல் நடத்துபவர் யார் என்பதே நம் கேள்வி.

பழியைப் பண்ணைக்காரர் தலைமேல் முழுவதும் சுமத்துவதற்கு நாம் உடன்படோம். நாமக்கல்லைப் பாருங்கள். லாரித் தொழிலுக்கும் முட்டைக்கும் பேர்போன அப்பிரதேசத்தில் மழை குறைந்த மானாவாரி நிலத்துக் குடியானவர்கள் கடன் வாங்கிக் கொட்டகை கட்டினார்கள். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீனி தின்கிறது. மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் விலையேறினால் செலவில் பெரும் பாகம் ஏறிவிடும். முட்டையோ காத்திருக்காது. முன்னாளில் பட்டணத்து வியாபாரிகள் வைத்ததே விலையாக இருந்தது. அந்நிலையை மாற்ற டாக்டர் பி. வி. ராவ் ஊர் ஊராகச் சென்று பண்ணைக்காரர்களைத் திரட்டியதன் பயனாக 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. இன்று முட்டை விலையைக் குழுவே அறிவிக்கிறது. ஆயினும் அறிவித்த விலையில் இத்தனை காசு குறைத்துக் கொடு என்று வியாபாரிகள் கேட்பதும், 'மைனஸ் விலை' என்று அதற்கொரு பெயரே ஏற்பட்டிருப்பதும் நாமக்கல் வாசிகள் அறிந்த சங்கதி. 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் தோன்றியபோது, நோய் எட்டிப் பாராத பண்ணைகளும் நஷ்டத்தில் மூழ்கின. இப்படிக் காசு காசாக நெருக்கப்படுகிறவன், ஒரு கோழியும் சாகாமலிருக்க மருந்துப் புட்டியைத் தேடுவதில் வியப்பென்ன?

கூண்டின் விஷயமும் இவ்வாறே. நாம் எழுதும் முழுத்தாள் ஒன்றைக் காட்டிலும் சிறிய இடத்தில் ஒரு கோழி தன் ஆயுளைக் கழிக்கிறது. சிறகை விரிக்க வழியில்லை. ஐரோப்பாவில் பழைய கம்பிக் கூண்டு 2012 ஜனவரி முதல் விலக்கப்பட்டு, கோழியொன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர் விதிக்கப்பட்டது. நம் 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடைச் சட்டமும், நடமாட இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றமென்றே கூறுகிறது. சட்டக் கமிஷன் 2017-இல் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கையும் சமர்ப்பித்தது. இடத்தைக் கூட்டினால் முட்டை விலை ஏறும் என்கிறார்கள், ஏறத்தான் செய்யும். அந்தச் சுமையைப் பண்ணைக்காரன் மட்டும் தாங்க வேண்டுமென்பதுதான் நியாயமன்று. தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தது. 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கிறது. இவ்வளவு முட்டை வாங்கும் சர்க்கார், மருந்தில்லாமல் விசாலமான இடத்தில் வளர்த்தவனுக்குச் சற்றே கூடுதல் விலை கொடுத்து வழிகாட்டலாமே.

ஜனங்களின் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கிராமத்தில் வெள்ளைக்கழிச்சல் என்பார்களே, அந்த ராணிக்கேட் நோய் ஒரே வாரத்தில் ஊர்க் கோழிகளையெல்லாம் வாரிக்கொண்டு போகும். அதற்குத் தடுப்பு மருந்தை 1940-களில் இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்திலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி சாலையில் தயாரித்தார்கள். நம் கால்நடை மருத்துவ சர்வகலாசாலையார், ஊசியின்றித் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தையும் பிற்காலத்தில் ஆக்கித் தந்திருக்கிறார்கள். நோய் வராமல் தடுத்தால் நோய்க்கு மருந்து எதற்கு? 1985 முதல் நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதந்தோறும் பண்ணைகளிலும் கடைகளிலும் மாதிரி எடுத்து, கோழியிலும் முட்டையிலும் எந்த மருந்தின் எச்சம் எவ்வளவு உள்ளது என்று அக்கல்லூரி போன்ற ஸ்தாபனங்களைக் கொண்டு சோதித்து, முடிவை ஒளிவுமறைவின்றி வெளியிடுமாறு சர்க்காரை வேண்டுகிறோம். முட்டை விலையை அன்றாடம் அச்சிடும் பத்திரிகைகளுக்கு அதன் கீழே இன்னும் நான்கு வரி இடம் விடுவது பெரிய சிரமமன்று.