ஒரே வினா, வேறு விடை

தரவுத்தளங்களை வினவுதற்கு வழங்கும் மொழி எஸ்.கியூ.எல். ஆகும். ஐ.பி.எம். நிறுவனத்துச் சேம்பர்லின், பொய்ஸ் என்னும் இருவர் 1974 இல் இதனை வெளியிட்டனர். 1986 இல் இது அமெரிக்க நியமமாயிற்று. நியமம் ஒன்றாயினும் வழக்குகள் பல. சம்பளப் பட்டியல் வைத்திருப்பார்க்கு இவ்வேறுபாடு சிறு தொல்லையே. நிலப்படத் தரவு வைத்திருப்பார்க்கோ அது ஊரையே பெயர்த்துவிடும்.

பலவகைத் தரவுகளையும் திறக்கவல்ல ஓ.ஜி.ஆர். என்னும் கருவி, கோப்புகளிடம் தன் சொந்த வழக்கிலும், போஸ்ட்ஜிஸ் போன்ற தரவுத்தளங்களிடம் அவற்றின் வழக்கிலும் பேசும். அதன் சொந்த வழக்கிற் சமக்குறியானது ஆங்கிலப் பேரெழுத்துக்கும் சிற்றெழுத்துக்கும் வேற்றுமை பாராட்டாது, போஸ்ட்ஜிஸிற் பாராட்டும். ஆதலின் ஒரே ஊர்ப்பெயருக்கு ஈரிடத்தும் வெவ்வேறு தொகை வருதல் கூடும்.

இனி, யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடைத்தூரத்தை வினவுவோம். இரண்டும் 4326 என்னும் எண்ணுடைய ஆள்கூற்று முறையில் அகலாங்கு நெட்டாங்குகளாக உள்ளன. போஸ்ட்ஜிஸின் 'ஜியோமெற்றி' வகை ஏறக்குறைய 2.7 என்னும். அது மைலுமன்று, கிலோமீற்றருமன்று, பாகை. புவியைத் தட்டைத் தாளாகக் கொண்டு அளந்ததன் விளைவு இது. 2018 இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மீற்றர் என்னும். போஸ்ட்ஜிஸிலும் 'ஜியோகிரபி' வகையைக் கொண்டால் மீற்றரே வரும்.

2.7 என்பதைக் கண்டோர் உடனே ஐயுறுவர். ஐயத்துக்கு இடந்தராத பிழை வேறொன்று உண்டு. புள்ளியைக் குறிக்கையில் போஸ்ட்ஜிஸ் நெட்டாங்கை முன்வைக்கும்: யாழ்ப்பாணம் 80.02, 9.66. மைஎஸ்கியூஎல் 8.0 இம்முறையில் அகலாங்கையே முதலாகக் கொள்ளும். முன்னதற்கு எழுதிய வாக்கியத்தைப் பின்னதற்குக் கொடுத்தால், யாழ்ப்பாணம் ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கப்பால் ஆட்டிக் சமுத்திரத்தில் விழும். கொழும்பும் உடன் செல்லும். அங்கே அவற்றின் இடைத்தூரம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர்! தோக்கியோவுக்கு இவ்விபத்து இல்லை. அதன் நெட்டாங்கு 139 ஐத் தாண்டுதலின், 90 ஐ மிஞ்சிய அகலாங்கு இல்லையென்று பொறி மறுத்துவிடும். நம் நாடோ 79க்கும் 82க்கும் இடையிற் கிடத்தலால், பொறி வாய்மூடி ஏற்றுக்கொள்ளும். தலைநகர்த் தூரம் தவறினால் எவரும் அறிவர். சிற்றூர்களிலிருந்து வைத்தியசாலைக்குள்ள தூரங்களை ஆயிரக்கணக்கிற் கணிப்போர் எங்ஙனம் அறிவர்?

மைஎஸ்கியூஎல்லில் நெட்டாங்கே முதலென்று வாக்கியத்திலேயே குறிப்பிட வழியுண்டு. ஓ.ஜி.ஆரிலும் வேண்டிய வழக்கைப் பெயர்சொல்லிக் கேட்கலாம். இத்துறையிற் புகும் மாணவர், புதிய தரவுத்தளம் கைக்கு வந்தவுடன், தாம் நன்கறிந்த ஓர் ஊரின் அகலாங்கை முதலில் அதனிடம் கேட்டுப் பார்ப்பாராக.