வெளியே போகச் சொல்ல முடியாத வீடு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு, கணவனிடமும் அவன் வீட்டாரிடமும் அடி உதை பட்ட பெண்ணுக்கு இருந்த முக்கிய வழி, 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498-ஏ பிரிவுதான். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவில் அது இருக்கிறது. கொடுமை செய்தவருக்கு அதன்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் புகார் கொடுத்த அன்றிரவு அந்தப் பெண் எங்கே போய்ப் படுப்பாள், பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. பெரும்பாலான பெண்கள் கேட்பது கணவனைச் சிறைக்கு அனுப்புவதையல்ல. அடி நிற்க வேண்டும், தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதையே. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது.

கை நீட்டுவது மட்டுமே வன்முறை என்று இந்தச் சட்டம் கருதவில்லை. ஓயாமல் இழிவாகப் பேசுவது, விருப்பமில்லாத பாலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது, அவளுடைய நகையையும் சீர்ப்பொருளையும் எடுத்து விற்பது எல்லாமே வன்முறைதான். பாதுகாப்பு மனைவிக்கு மட்டும் உரியதும் அல்ல. ஒரே வீட்டில் வாழும் தாய், மகள், சகோதரி, கணவனை இழந்த மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழும் பெண் ஆகியோரும் நீதிமன்றத்தை அணுகலாம். வயது வந்த ஆண்கள்மீதுதான் மனு தொடுக்கலாம் என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கியது.

சட்டத்தின் உயிர்நாடி 17-ஆம் பிரிவு. சேர்ந்து வாழும் வீட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. “என் வீட்டைவிட்டு வெளியே போ” என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கில் வாய் மூடிக் கிடந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். 2006-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு இந்த உரிமையைச் சுருக்கிவிட்டது: வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தால் மருமகள் உரிமை கோர முடியாது என்ற நிலை உண்டானது. வீட்டைப் பெற்றோர் பெயரில் காட்டி மருமகளை வெளியேற்ற அது வழிவிட்டது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு தவறு என்று அறிவித்து, மாமனார் பெயரில் இருந்தாலும் அவள் குடித்தனம் நடத்திய வீடு இந்த உரிமைக்குள் அடங்கும் என்றது.

மனு நீதித்துறை நடுவரிடம் போகிறது. தாய்வீட்டுக்கு வந்துவிட்டவள், தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும், அந்த ஊர் நீதிமன்றத்திலேயே தொடரலாம்; அலைச்சல் மிச்சம். மாவட்டந்தோறும் சமூக நலத்துறையின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் நடந்ததைக் கேட்டு அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிவு என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் வழக்குகள் இதைவிட மிக நீளுகின்றன. அந்த இடைவெளியில் சோர்ந்துபோய் மனுவைக் கைவிடும் பெண்களுக்கு இது பெரிய அநீதி. ஆகவே எதிர்த்தரப்பு வரும்வரை காத்திராமல் இடைக்கால உத்தரவு கேட்கும் 23-ஆம் பிரிவை மறக்கக் கூடாது. ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றையும் இதே மனுவில் கேட்கலாம்.

வன்முறை கூடாது என்று நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றவியல் தண்டனை வருகிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறல் நடந்தது என்று அந்தப் பெண் தரும் சாட்சியம் ஒன்றை வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். நான்கு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும்?

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது தடையாக வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எல்லாப் பெண்களுக்கும் சட்ட உதவி இலவசம். தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். ஒருங்கிணைந்த சேவை மையங்களில் சிகிச்சைக்கான உதவி, ஆலோசனை, சில நாள் தங்கும் இடம் ஆகியவை கிடைக்கும்.

இத்தனை இருந்தும் உதவி தேடி வருபவர்கள் மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். 77 பேர் யாரிடமும் சொல்லக்கூட இல்லை. அவளால் சொல்ல முடியாதபோது, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், உடன் வேலை செய்பவர் என யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்று 4-ஆம் பிரிவு உறுதி தருகிறது.