குட்டியானைக்கு நரம்பு கட்டும் இரவு

கருட சேவைக்கு முதல் நாள் இரவு சின்ன காஞ்சிபுரத்தில் யாருக்குத் தூக்கம் வரும்? வைகாசியில் வரதராஜப் பெருமாள் விடியும் முன்பே கருடன் மேல் எழுந்தருளிக் கோபுர வாசலுக்கு வந்துவிடுவார். சோளிங்கர் தொட்டாசாரியார் என்ற பக்தருக்காக அங்கே ஒரு கணம் குடையால் மறைத்துக் காட்டுவார்களே, அதைக் காணத்தான் அத்தனை கூட்டமும். ஊரே கோயில் பக்கம் போக, நான் போனது ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்கு! கூட்டத்துக்கு நீர்மோர் கொடுக்கப் போகும் ஒரு குட்டியானைக்கு, அதாவது சின்ன சரக்கு வண்டிக்கு, அங்கே வயரிங் நடந்துகொண்டிருந்தது.

மைக்செட் ஆம்ப்ளிஃபையர், நாலு எல்.இ.டி. ஃபோகஸ் லைட், தண்ணீர் ஏற்ற ஒரு சின்ன பம்ப், போன் சார்ஜர். இத்தனைக்கும் ஒரே 12 வோல்ட் பேட்டரிதான். அதன் பாசிட்டிவ் முனையில் ஏற்கெனவே ஐந்தாறு வயர்களை யாரோ ஒன்றன் மேல் ஒன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். ஃப்யூஸ் ஒன்றுகூட இல்லை.

“இது வயரிங் இல்ல தம்பி, வத்திக்குச்சி” என்றார் பட்டறை அண்ணன்.

முதல் வேலையாக நெகட்டிவைக் கழற்றினார். கடைசியில் மாட்டுவதும் அதைத்தான். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டால் போதும், தீப்பொறி பறக்கும். பிறகு பழைய வயர்களை எல்லாம் உருவி எறிந்துவிட்டு, ஒரே ஒரு தடித்த வயரை எடுத்தார். 16 சதுர மில்லிமீட்டர்! பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ். அங்கிருந்து பின்தொட்டியில் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பிளாக்குக்கு அந்த வயர். பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி ஃப்யூஸ். பம்ப் ஷார்ட் ஆனால் பம்ப் ஃப்யூஸ் மட்டும் போகும், மைக் பாடிக்கொண்டே இருக்கும்.

“இவ்வளவு தடி எதுக்கு அண்ணா?”

கணக்கு போட்டுக் காட்டினார். ஆம்ப்ளிஃபையர் 15 ஆம்பியர், லைட்டுகள் 6, பம்ப் 5, மற்றதெல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 30. மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வழியிலேயே முக்கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரைந்துவிடும், வயரும் சுடும். 16-இல் 0.1 வோல்ட்தான் இழப்பு.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்து நான் எழுந்தே நின்றுவிட்டேன். வயரின் நுனியைச் சீவி, ஓர் இழையைப் பிரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டினார். உள்ளேயும் செம்பு! “சில வயர்ல மேல செம்பு பூச்சு, உள்ள அலுமினியம். சுரண்டினா வெள்ளையாத் தெரியும்” என்றார். அட, இது நம்ம ஊர் சரிகைச் சோதனை ஆயிற்றே! பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது நல்ல சரிகை; சுரண்டும்போது வெள்ளிக்குப் பதிலாகச் செம்பு தெரிந்தால் அது போலி. சரிகையில் செம்பு ஏமாற்று, வயரில் செம்பு சத்தியம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வயர் நுனியில் லக்கை மாட்டி அழுத்தி, இழுத்துப் பார்த்து, ஸ்லீவைச் சூடு காட்டிச் சுருக்கினார். எர்த் வயர் போகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளபளக்க வைத்தார். நெகட்டிவை மாட்டினார். சுவிட்ச்! நாலு லைட்டும் ஒரே நேரத்தில் பளிச்! பட்டறைச் சுவர் முழுக்க வெளிச்சம், என் கைதட்டல்.

“எஞ்சின் ஆஃப்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஓட்டாதீங்க” என்று ஓட்டுநரிடம் மூன்று முறை சொன்னார். 60 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அந்த ஒரு மணி நேரத்திலேயே பாதி தீர்ந்துவிடும்.

உங்கள் வண்டிக்கும் லைட்டோ ஹாரனோ கூடுதலாகப் போடும் எண்ணம் இருந்தால், வயர் வாங்கும்போது கடையிலேயே ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.