கடலடியில் வெடிக்கும் சிறு கொடுக்கு

போர் என்றதும் பீரங்கியும் விமானமும் நம் நினைவுக்கு வருகின்றன. விரல் நீளம்கூட இல்லாத ஓர் இறால், இரண்டாம் உலகப் போரில் கடற்படையினரைக் கவலையுறச் செய்தது என்றால் நம்புவது எளிதன்று. ஆயினும் அது நடந்த செய்தியே. அதனை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நீருள் மறைந்து வரும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்ணால் காண இயலாது. காதால்தான் அறிய வேண்டும். ஆகவே கடலுக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி, பகைவர் கப்பலின் சுழல்விசிறி எழுப்பும் ஓசைக்காக இரவு பகலாகக் காவலர் காத்திருந்தனர். அவ்வோசையைத் தவறவிட்டால், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களும் அவற்றிலுள்ள மாந்தரும் அழிய நேரிடும். ஆனால் வெப்பமான கடல்களில், ஆழம் குறைந்த பகுதிகளில், வேறோர் இரைச்சல் ஓயாது கேட்டது. காய்ந்த முள்விறகு தீப்பற்றி எரிவது போலச் சடசடவென்று அது ஒலித்தது. நூறு தறிகள் ஓடும் கூடத்தில் ஒருவர் மெல்லப் பேசினால் நம் செவியில் விழுமா? அக்காவலரின் நிலையும் அதுவே.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் போர் ஆராய்ச்சிப் பிரிவினர் சான் டீகோவில் இதனை ஆராய்ந்தனர். கடல் உயிரியலாளரான மார்ட்டின் ஜான்சன் என்பாரும் அவர்தம் துணைவரும், இரைச்சலுக்குக் காரணம் ஒருவகை இறாலே என்று நிறுவினர். பாறையும் பவளமும் சிப்பியும் நிறைந்த அடித்தளத்தில் அவை பெருங்கூட்டமாக வாழ்கின்றன. வெறும் மணலிலும் சேற்றிலும் அவ்வளவாக இல்லை. எனவே கடலடியின் இயல்பு தெரிந்தால், எங்கே இரைச்சல் மிகும் என்பதை முன்னரே கணிக்கலாம். இவ்வறிவு இருபுறமும் கூருள்ள வாள். ஒட்டுக்கேட்பவனுக்குத் தன் செவி எங்கே பயன்படாது என்பதைச் சொல்லும். ஒளிந்து செல்பவனுக்கு எங்கே மறையலாம் என்பதைக் காட்டும். அமெரிக்க நீர்மூழ்கிகள் இவ்விரைச்சலையே திரையாகக் கொண்டு ஜப்பானியத் துறைமுகங்களை அணுகியதாகவும் கூறுவர். போர் முடிந்தபின், 1947 ஆம் ஆண்டில், ஜான்சன் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது.

இனி, இத்துணைச் சிறிய உயிர் அவ்வளவு ஓசையை எழுப்புவது எங்ஙனம்? இவ்விறாலின் இரு கொடுக்குகளுள் ஒன்று மிகப் பெரியது. அதன் இரு விரல்களும் மோதுவதால் ஒலி பிறக்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஓடும் நாடாவைக் கண்ணால் தொடர முடியாதது போல, மூடும் கொடுக்கையும் கண்ணால் தொடர முடியவில்லை. காமிராவே உண்மையைக் காட்டியது. 2000 ஆம் ஆண்டில் நெதர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் விஞ்ஞானிகள், வினாடிக்கு 40,000 படங்களுக்கு மேல் எடுக்கும் காமிராவால் இதனைப் படம் பிடித்தனர். கொடுக்கு மூடும்போது நீர்த்தாரை ஒன்று பாய்கிறது. அதன் வேகத்தால் நீரினுள் ஒரு குமிழி தோன்றுகிறது. மறுகணமே சுற்றியுள்ள நீர் அதனை நசுக்குகிறது. குமிழி நசுங்கும் அந்தக் கணத்தில்தான் வெடியோசை எழுகிறது; கொடுக்கு மூடும் கணத்தில் அன்று.

அடுத்த ஆண்டில் அவர்கள் மற்றொரு விந்தையைக் கண்டனர். நசுங்கும் குமிழியிலிருந்து ஓர் ஒளியும் மின்னுகிறது. ஒரு வினாடியைப் பத்துக் கோடிக் கூறு செய்தால், அதில் ஒரு கூறுக்கும் குறைந்த நேரமே அது நிலைக்கிறது. குமிழியினுள் வெப்பம் 4,700 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது என்று கணக்கிட்டனர்.

இந்த வெடியால் இறால் தன் இரையை மயக்கி வீழ்த்துகிறது, எதிரியை விரட்டுகிறது. பெரிய கொடுக்கை இழந்துவிட்டால், மறுபுறத்துச் சிறு கொடுக்கு நாளடைவில் பெரிதாகி அதன் தொழிலை ஏற்கிறது. இழந்த இடத்தில் சிறியதொன்று முளைக்கிறது.

இத்தகைய போர்வீரனுக்கும் துணை வேண்டியிருக்கிறது. இவ்வினத்திற் சில, கண்பார்வை குன்றியவை. அவை மணலில் வளை தோண்டி, உளுவை இனத்து மீனொன்றுடன் அதில் குடியிருக்கின்றன. மீன் வாயிலில் காவல் நிற்கும். இறால் தன் உணர்கொம்பை மீனின் உடல்மேல் வைத்தபடியே மண்ணை அள்ளிக் கொட்டும். ஆபத்து நெருங்கினால் மீன் வாலை அசைக்கும். இரண்டும் வளைக்குள் புகும். மீனுக்கு வீடு, இறாலுக்குக் கண். கூட்டுறவின் பயனை நன்கறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நம் மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளிலும் இவ்வினத்து இறால்கள் உண்டு. போர்க்காலத்தில் இடையூறாக எண்ணப்பட்ட இரைச்சலை இன்று ஆராய்ச்சியாளர் விரும்பிக் கேட்கின்றனர். பவளத் திட்டு நலிந்தால் அங்குள்ள உயிர்களின் ஒலியும் குன்றுகிறது. பகைவனைத் தேடிக் கடலுள் இறக்கிய ஒலிவாங்கி, இப்போது கடலின் நாடியைப் பிடித்துப் பார்க்கப் பயன்படுகிறது.