உடன்படிக்கையின் நான்காம் வாசல்

கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணல் நிலத்திலே உச்சமுனை என்றொரு மீனவர் குடியிருப்பு உண்டு. கற்பிட்டித் துறையில் வள்ளமேறியே அங்கு செல்லல் வேண்டும். மன்னார் வளைகுடாவின் மறுகரையிலே இருப்பது தூத்துக்குடி. இந்தியாவுடனான வர்த்தகம் பற்றிய பேச்சுக்கள் கொழும்பிலும் புதுடில்லியிலும் நடைபெறுகின்றன. ஆயினும் இரு நாடுகளையும் பிரித்து நிற்கும் நீரை நாள்தோறும் கண்ணாற் காண்போர் இத்தகைய கரையூர் மக்களே. ஆதலின், 'எட்கா' எனச் சுருக்கமாக வழங்கும் பொருளாதாரத் தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கையைப் பற்றி எழுந்த வாதத்தை அந்தக் கரையில் நின்று சற்று ஆராய விரும்புகின்றோம்.

இந்தியாவுடன் நமக்குச் சுதந்திர வர்த்தகம் புதிதன்று. 1998 டிசெம்பர் 28ஆந் திகதி கைச்சாத்தாகி, 2000 மார்ச் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒன்று முன்னரே உண்டு. அது பொருள்களுக்கு மட்டும் உரியது. உள்நாட்டு உற்பத்தியாளரைக் காக்கும் பொருட்டு, வரிச்சலுகை பெறாத பொருள்களின் பட்டியல் ஒன்றை ஒவ்வொரு நாடும் வைத்துக்கொண்டது. இலங்கையின் பட்டியலில் 1,180 பொருள்கள். இந்தியாவின் பட்டியலில் 429. தேயிலைக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி கிலோ, ஆடைகளுக்கு 80 இலட்சம் உருப்படிகள் என்று இந்தியா எல்லை வகுத்தது.

இதில் வேடிக்கை என்னவெனில், அன்று முதலிற் கூக்குரல் எழுந்தது மறுகரையிலேதான். மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் செம்பனை எண்ணெயைக் குறைந்த வரியில் இங்கு இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பும் ஆலைகள் நம் நாட்டிலே திடீரெனப் பெருகின. அங்குள்ள உற்பத்தியாளர் ஓலமிட்டனர். கேரளத்து மிளகுச் செய்கையாளரோ இலங்கை மிளகு தம் விலையைக் கெடுக்கிறதென்றனர். வனஸ்பதிக்கு ஆண்டுக்கு 2,50,000 தொன், மிளகுக்கு 2,500 தொன் என்று இந்தியா கதவை ஒருக்களித்துச் சாத்தியது. பெரிய நாடு சிறிய நாட்டை அஞ்சிய காலமும் உண்டென்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பொருள்களோடு சேவைகளையும் சேர்க்க முற்பட்டபோதுதான் நம் பக்கத்தில் எதிர்ப்பு வலுத்தது. 2008 ஓகஸ்டிற் கொழும்பிலே சார்க் மாநாடு கூடியபோது, விரிந்த பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாகும் என எதிர்பார்க்கப்பட்டது. உள்ளூர்த் தொழிலதிபர் பலர் எதிர்த்தனர், பேனா மூடப்பட்டது. அதன் இடத்தில் எட்கா முன்வைக்கப்பட்ட 2016ஆம் ஆண்டிலே, அரசாங்க வைத்திய அதிகாரிகள் சங்கமும், பொறியியலாளரும், கணினித் தொழில்நுட்பத் துறையினரும் கொழும்பிற் கண்டனக் குரல் எழுப்பினர். இந்தியத் தொழில்வல்லுநர் வெள்ளமெனப் புகுவர், நம் பட்டதாரிகள் வேலையிழப்பர் என்பதே அவர்தம் அச்சம். அரசாங்கம் அதனைப் பலமுறை மறுத்தது. 2018 சனவரியிற் சிங்கப்பூருடன் உடன்படிக்கை செய்தபோதும் இதே குரல் எழுந்து, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது.

இங்கே சேவை வர்த்தகத்தின் இலக்கணத்தைச் சிறிது விளக்கல் வேண்டும். உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகள் சேவைக்கு நான்கு வாசல்களை வகுத்துள்ளன. சேவை மட்டும் எல்லை கடத்தல் முதலாவது. சென்னையிலிருந்தபடியே ஒருவர் கொழும்பு வங்கியின் கணக்கைக் கணினியிற் பார்ப்பது போன்றது. நுகர்வோர் எல்லை கடத்தல் இரண்டாவது. நம்மவர் மருத்துவத்துக்கு மதுரை செல்வது போன்றது. நிறுவனம் கிளை திறத்தல் மூன்றாவது. உழைப்பவரே நேரில் வருதல் நான்காவது. சண்டை முழுவதும் இந்த நான்காம் வாசலைப் பற்றியதே. உடன்படிக்கையில் ஒரு நாடு எந்தத் துறையை, எந்த வாசல் வழியாக, எந்த நிபந்தனையுடன் திறக்கிறதென்பது அட்டவணையாக எழுதப்படும். அட்டவணையில் எழுதாத வாசல் திறவாது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தியர் வருவாரா?" என்பதன்று, "அட்டவணையைக் காட்டுவீரா?" என்பதே. மூன்று மொழியிலும் வரைவை முன்கூட்டியே மக்கள் முன் வைத்திருந்தால், வதந்திக்கு இவ்வளவு தீனி கிடைத்திராது.

எதிர்த்தோர் எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்தலும் நியாயமன்று. இலங்கை வைத்தியச் சபையிற் பதிவு பெறாத எவரும் இங்கு வைத்தியம் செய்யவியலாது. வைத்தியருக்கு அரண் முன்பே உண்டு. கணினித் துறையினருக்கு அத்தகைய சபை எதுவுமில்லை. அவர்கள் அச்சத்துக்குக் காரணம் கூடுதல். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் நாட்டை விட்டு நீங்கினர் என்பதையும் இவ்விடத்தே நினைத்துக்கொள்கிறோம். வாசலைக் காத்து நின்றோம், வீட்டிலிருந்தோர் வெளியேறினர்.

உடன்படிக்கையின்றி வெளிநாட்டு உழைப்பாளர் வருவதேயில்லையா? உச்சமுனையார் இதற்கு விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அதே கற்பிட்டிக் குடாநாட்டிலே, தெற்கே நுரைச்சோலையில், 2006ஆம் ஆண்டு தொடங்கி 2014ஆம் ஆண்டு வரை கட்டப்பட்ட நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. 900 மெகாவற் வலுவுடையது. கடன் கொடுத்தது சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி; கட்டியது சீன நிறுவனம்; உடன் வந்தோர் சீனப் பொறியியலாளரும் தொழிலாளரும். சீனாவுடன் நமக்குச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை அன்று இருக்கவில்லை. உழைப்பாளர் கடன் பத்திரத்தின் வழியே வந்தனர். அதனை எதிர்த்தோர் அவ்வூர் மீனவரும், அயலிலுள்ள தலவில தேவாலயத்தை நெஞ்சிற் கொண்ட கத்தோலிக்க மக்களுமே. அவர் குரல் நிலையத்தைத் தடுக்கவில்லை.

அந்நிய உழைப்பாளி என்ற சொல் இந்நாட்டிலே ஆழமான வடுவுடையது. தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான ஏ. ஈ. குணசிங்கவே 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். 1939இல் அரசாங்கப் பகுதிகளிலே நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்கத் தீர்மானித்தபோது, சமரசம் பேச யூலையில் நேரு வந்தார், பயன் கிட்டவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி முதல் கூலித்தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்தியா தடுத்தது. அத்துடன் வரவு நின்றது; வெறுப்பு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக மலையகத்தில் உழைத்த ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி இரு பிரதமர்களும் அம்மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். கணக்கு அழகாகத்தான் இருந்தது. புதிதாக வருவோரைப் பற்றிய அச்சத்துக்கு, முன்னமே வந்து வாழ்ந்தோர் விலை கொடுத்தனர் என்பதே அந்த வரலாறு. அவர்களுட் பலரின் பிரசாவுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை தீரவில்லை.

1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு முன்னர் மக்கள் விடுதலை முன்னணி இளைஞருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அக்கட்சி எட்காவையும் எதிர்த்தது. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க சனாதிபதியான பின், 2024 டிசெம்பர் 16ஆந் திகதி புதுடில்லியில் வெளியான கூட்டறிக்கையிலே எட்கா பேச்சுக்களைத் தொடர்வதென எழுதப்பட்டது. எள்ளி நகையாட இதைக் கூறவில்லை; எதிர்க்கட்சி வரிசையில் தெரிவதும் சனாதிபதி ஆசனத்திலிருந்து தெரிவதும் ஒன்றல்ல.

நமது வகுப்புகளிலே இருக்கும் பிள்ளைகளை நோக்கினால் மற்றொரு கணக்குத் தெரிகிறது. தாயோ தந்தையோ குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் இல்லங்கள் புத்தளம் மாவட்டத்திற் குறைவல்ல. 2024இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாட்டிலிருந்து தொழில் தேடிப் புறப்பட்டனர். வெளிநாட்டிலுள்ளோர் அவ்வாண்டு அனுப்பிய பணம் 650 கோடி டொலருக்கு மேல். அந்த நாடுகளிலே வெளிநாட்டு உழைப்பாளர் என்று பெயர் பெறுவோர் நம் மாணவரின் பெற்றோரே. அங்கு அவர்களுக்கு முறையான ஒப்பந்தமும் கூலியும் மரியாதையும் வேண்டுமென நாம் கேட்கிறோம். இங்கு கட்டடச் சாரத்தில் ஏறும் அந்நியனுக்கும் அதுவே அளவுகோல் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்க நமக்குக் கூச்சம் இருத்தலாகாது. மலிந்த கூலிக்கு ஒருவனை இறக்கி உள்ளூரானை நீக்குதல் குற்றம். அக்குற்றம் இறக்கியவனைச் சாரும்.

இனிக் கரைக்கே வருவோம். அடைத்த கதவுக்கும் ஒரு விலையுண்டு. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபின் அதன் விலை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவாக ஏறிற்று. மறுகரை மஞ்சள் மூட்டைகள் இரவோடிரவாகப் படகில் வரலாயின. கற்பிட்டிக் கரையோரம் கடற்படையினர் மஞ்சளையும் பீடி இலையையும் கைப்பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தன. உப்புக்குப் பெயர்போன புத்தளத்திலே மழையால் விளைச்சல் கெட, 2025 சனவரியில் இந்திய உப்புக் கப்பலில் வந்திறங்கியது. இவற்றையெல்லாம் பார்த்த கரையூரார்க்கு, வர்த்தகம் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு சொல்லில் விடயம் அடங்காது.

அவர்களது முதற் கவலையோ வேறு. வடபுலத்துக் கடலிலே இந்திய இழுவைப் படகுகள் அடிமட்டத்தை வாரிச் செல்கின்றன; அம்முறையை இலங்கை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தும் ஓய்ந்தபாடில்லை. கற்பிட்டியின் 14 தீவுகளையும் உல்லாசப் பயணத் துறைக்கெனக் குறித்த திட்டம் வந்தபோது, வாடி அடிக்கும் கரையும் வலை உலர்த்தும் மணலும் போய்விடுமென மீனவர் அமைப்புகள் போராடின. கொழும்பிலே வைத்தியரும் பொறியியலாளரும் தம் தொழிலுக்காகப் பேசினர். அது அவர் உரிமை. எட்கா பேச்சு மீண்டும் மேசைக்கு வரும்போது, கருவாடும் உப்பும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன, கரையோர நிலத்தில் முதலிடும் அந்நிய நிறுவனத்துக்கு மூன்றாம் வாசல் எவ்வளவு திறக்கப்படுகிறது என்ற இரு கேள்விகளையும் கற்பிட்டி மீனவர் சங்கங்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுப்பதற்கு அவ்வூர்ப் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர்கள் உதவலாம்.